தேக்கை மொட்டையடிக்கும் அந்துப்பூச்சி: நாடுகாணி இறக்கத்திலிருந்து கருளாய் வரை

புதன் – நாடுகாணி, வழிக்கடவு

நிலம்பூர்த் தேக்கைத் தெரியாதவர் இல்லை. அதே தேக்கை ஆண்டுதோறும் மே, ஜூன் மாதங்களில் மொட்டையாக்கும் பூச்சியைப் பற்றிக் கேட்டால், தோட்டத்தை ஒட்டியே குடியிருப்பவர்களும் "தேக்குப் புழு" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். புழுவாக இருக்கும் பத்துப் பன்னிரண்டு நாள்தான் அது கண்ணில் படுகிறது. சிறகு முளைத்துப் பறக்கும்போது அதைத் தேடிப் பார்ப்பவர் குறைவு. ஹிப்லேயா பியூரா என்பது அறிவியல் பெயர், கிராமர் 1777-இல் வைத்தது. ஹிப்லேயிடே என்ற சிறிய குடும்பத்தைச் சேர்ந்தது.

இதைப் பார்க்க வருபவர்கள் முதலில் ஒரு கணக்கைப் புரிந்துகொள்ள வேண்டும். முட்டை பொரிய ஏறக்குறைய 2 நாள், புழுப்பருவம் 10 முதல் 12 நாள், கூட்டுப்புழு 6 முதல் 8 நாள். வெப்பம் ஒத்துவந்தால் மூன்று வாரத்துக்குள் ஒரு தலைமுறை முடிந்துவிடும். ஒரு தோட்டத்தில் பெருங்கூட்டமாக இறங்கும் பெண் பூச்சிகள் சில இரவுகளுக்குள் முட்டையிட்டு முடித்துவிடுவதால், அங்கே உள்ள புழுக்களெல்லாம் கிட்டத்தட்ட ஒரே வயதாக இருக்கும். ஒரே இடத்தில் கூடாரம் அடித்து உட்கார்ந்தால் ஒரே பருவத்தைத்தான் பார்க்கலாம். முட்டை, புழு, கூட்டுப்புழு, பூச்சி என்ற நான்கு பருவத்தையும் பார்க்க இடம் மாற வேண்டும். கோடை மழை ஓரிடத்தில் முந்தியும் ஓரிடத்தில் பிந்தியும் விழுகிறது, துளிரும் அப்படியே வருகிறது, பூச்சி துளிரின் பின்னால் போகிறது. வழித்தடத்தை இந்தக் கணக்கில்தான் போட்டிருக்கிறோம். பருவங்கள் வரிசை கலைந்துதான் கண்ணில் படும், அதற்கு ஒன்றும் செய்ய முடியாது.

கூடலூரிலிருந்து நிலம்பூருக்குப் பேருந்து உண்டு. நாடுகாணி வரை தமிழ்நாடு, அதற்குக் கீழே சுரம் (மலைப்பாதை) இறங்கினால் வழிக்கடவு. சொந்த வண்டியில் கேரளத்திலிருந்து நீலகிரிக்குத் திரும்பி ஏறுபவர்கள் இ-பாஸ் எடுத்துவைத்துக்கொள்ள வேண்டும். 2024 மே முதல் இந்த நடைமுறை இருக்கிறது, பேருந்துப் பயணிக்கு இது பொருந்தாது. சுரத்தில் யானை நடமாட்டம் உண்டு. இருட்டிய பிறகு வளைவுகளில் நிறுத்தி மரம் பார்ப்பது வேண்டாத வேலை.

சுரத்தின் அடிவாரத்தில் இருந்த தேக்குத் திட்டு ஏற்கெனவே "கழிந்த" இடம். கிளைகளில் இலைப்பரப்பு இல்லை. நடு நரம்பும் பக்க நரம்புகளும் மட்டும் விசிறிக் காம்பாய் நிற்கின்றன. புதிதாகப் பார்ப்பவர் மரம் பட்டுவிட்டது என்றே நினைப்பார். பேருந்திலும் அந்தக் கேள்வி வந்தது: "ஏண்ணே, இதெல்லாம் செத்த மரமா?" இல்லை. நுனி மொட்டைக் கிள்ளிப் பார்த்தால் உள்ளே பச்சை இருக்கும், சில வாரத்தில் மறுபடி இலை விடும்.

இப்படிப்பட்ட இடத்தில் பார்க்க வேண்டியது தரையை. முற்றிய புழு நூல் பிடித்துக் கீழே இறங்கி, சருகுக்கு அடியிலோ மண்ணின் மேற்பரப்பிலோ இலைத் துணுக்கையும் மண்ணையும் நூலால் பிணைத்து மெல்லிய கூடு கட்டும். சருகை வாரிக் கொட்டக் கூடாது. ஒரு முழம் நீள அகலத்தில் ஓர் இடத்தைக் குறித்துக்கொண்டு, மேலடுக்கிலிருந்து ஒவ்வோர் இலையாகத் தூக்க வேண்டும். கூடு பெரும்பாலும் இரண்டு சருகு ஒட்டிய இடத்தில் இருக்கும். கூட்டுப்புழு செம்பழுப்பு, 2 செ.மீ.க்குள். தலைப்பக்கம் பிளந்து உள்ளே வெறுமையாக இருந்தால் பூச்சி வெளியேறிவிட்டது. பக்கவாட்டில் வட்டமாகச் சிறு துளை இருந்தால் வெளியே வந்தது பூச்சி அல்ல, அதைத் தின்று வளர்ந்த ஒட்டுண்ணிக் குளவி. தரை நனைந்து ஊறிக் கிடந்தால் சருகில் தேடிப் பயனில்லை. அப்போது புழு கீழே உள்ள செடிகளின் இலையை மடித்து அதற்குள்ளேயே கூட்டுப்புழுவாகிவிடும். அடிவாரத்தில் பார்த்தவை எல்லாம் காலிக் கூடுகள். பூச்சிகள் போய்விட்டன. துளிர் இல்லாத இடத்தில் அவற்றுக்கு வேலை இல்லை.

வியாழன் – எடக்கரை

பக்கத்துத் திட்டில் விருந்து நடுக்கட்டத்தில் இருக்கிறது. உள்ளே நுழைவதற்கு முன்பே காதில் விழும்: மழை இல்லாத வெயிலில், தூறல் போல ஒரு சடசடப்பு. மேலிருந்து உதிரும் புழுக்கை சருகில் விழும் ஓசை அது. தொப்பி போட்டுக்கொள்வது நல்லது, தண்ணீர்ப் பாட்டிலை மூடியே வைக்க வேண்டும். புழுவுக்கு அரிப்பு உண்டாக்கும் முடிக்கற்றை கிடையாது. கம்பளிப்பூச்சி என்று பயந்து சாலையில் வண்டியை வெட்டி ஓட்டுவதுதான் ஆபத்து. நூலில் தொங்கும் புழு முகத்தில் மோதும் என்பதால் இருசக்கர வண்டிக்காரர்கள் ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டினால் போதும்.

புழுவின் வயதைக் கண்டுபிடிக்க அளவுகோல் தேவையில்லை, அதன் வீட்டைப் பார்த்தால் போதும். ஐந்து நிலைகள் உண்டு. முதல் இரண்டு நிலைகளில் இலையின் மேல்தோலைச் சுரண்டித் தின்று, நரம்போரப் பள்ளத்தில் சில நூலிழைகளைக் குறுக்கே கட்டி அதன் அடியில் ஒளிந்திருக்கும். மூன்றாம் நிலையிலிருந்து இலை விளிம்பில் வெட்டுப்போட்டு, அந்தத் துண்டை மடக்கி நூலால் தைத்து உள்ளே புகுந்துகொள்ளும். மடிப்பு சிறிதாக இருந்தால் புழு சிறிது. விரல் நீளத்துக்கு இருந்தால் கடைசி நிலை. தின்பதற்கு மடிப்பை விட்டு வெளியே வரும், அதுவும் பெரும்பாலும் இரவில். ஆகவே பகலில் "புழுவே இல்லையே" என்பவர்கள் மடிப்பைப் பிரித்துப் பார்க்கவில்லை என்று பொருள். பிரிக்கும்போது இலையின் அடிப்பக்கமாக உள்ளங்கையை வைத்துக்கொள்ள வேண்டும். தொட்டதும் நூல்விட்டுக் கீழே குதிப்பது அதன் வழக்கம்.

நிறத்தை நம்பி அடையாளம் சொல்லக் கூடாது. கூட்டம் மிகுந்த இடத்தில் கறுப்புடம்பில் வெளிர்க் கோடுகள் ஓடும். தனித்தனியாக வளரும் புழு பச்சையாகவே இருக்கும். இரண்டையும் வெவ்வேறு இனம் என்று படம் போட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது. முழு வளர்ச்சியில் நீளம் ஏறக்குறைய 4 செ.மீ.

இரட்டைவால் குருவி, மைனா, காகம் எல்லாம் இந்த நாள்களில் தேக்குத் தோட்டத்தில்தான். குருவிச் சத்தம் எங்கே தடித்திருக்கிறதோ அங்கே நடந்தால் புழு இருக்கும். இது தூரத்திலிருந்தே இடம் கண்டுபிடிக்கும் எளிய வழி. ஆனால் பறவைகள் தின்று இந்த வெள்ளத்தை அடக்கிவிடும் என்று எதிர்பார்க்க முடியாது. எல்லாப் புழுவும் ஒரே நேரத்தில் வளர்ந்து ஒரே நேரத்தில் தரைக்கு இறங்கிவிடுவதால், வயிறு நிறைந்த பறவைகளுக்கு மிஞ்சியதே ஏராளம்.

இரவு, தோட்டத்தை ஒட்டிய வீட்டு வளாகத்தில் உரிமையாளரின் சம்மதத்தோடு, அந்துகளை விளக்கால் ஈர்க்கும் ஒளித்திரை கட்டப்பட்டது. காப்புக்காட்டுக்குள் இரவு விளக்கு போட வனத்துறையின் எழுத்துவழி அனுமதி வேண்டும். வீட்டுத் தேக்கு நிறைய இருக்கும் இந்தப் பகுதியில் அனுமதி கேட்டு அலையாமல் தனியார் இடத்திலேயே வேலையை முடிக்கலாம். தேவை: 160 வாட் மெர்குரி வேப்பர் பல்பு (சோக் தேவைப்படாத வகை), பீங்கான் ஹோல்டர், 20 மீட்டர் மூன்றிழை ஒயர், எட்டு முழ வெள்ளை வேட்டி, கயிறு, நான்கு கல். வேட்டியை இரண்டாக மடித்துத் தொங்கவிட்டு, கீழ்ப்பகுதியைத் தரையில் ஒரு முழம் விரித்துக் கல் வைக்க வேண்டும். பாதிப் பூச்சிகள் தரையில்தான் உட்காரும், விரிப்பு இல்லாவிட்டால் மிதிபடும். பல்பு துணியிலிருந்து ஒரு முழம் தள்ளி, தலை உயரத்தில். பிளாஸ்டிக் ஹோல்டர் வைத்தால் சூட்டில் இளகும். சூடான பல்பின் மேல் மழைத்துளி பட்டால் கண்ணாடி வெடிக்கும். அதற்கு மேலே ஒரு தகரத் தட்டு கட்டாமல் மே மாதத்தில் வெளியே விளக்கு போடக் கூடாது. மின்சாரம் ஒரு நொடி போய் வந்தாலும் பல்பு உடனே எரியாது, ஆறிய பிறகுதான் பற்றும். கெட்டுவிட்டதென்று கழற்றப் போனால் கை வெந்துபோகும். விளக்கைக் கூர்ந்து பார்க்க வேண்டாம். கதண்டுகள் வந்தால் விளக்கை அணைத்துவிட்டு ஒதுங்குவதுதான் வழி.

திரைக்கு வண்டுகள், பிள்ளைப்பூச்சி, வேறு அந்துகள் வந்தன. தேக்கு அந்து இல்லை என்றே சொல்லலாம். தலைக்கு மேலே ஆயிரக்கணக்கில் புழு, திரையில் பூச்சி இல்லை. இது எதிர்பார்த்ததுதான்: இங்குள்ளவை எல்லாம் இன்னும் புழு, இவற்றின் தாய்கள் முட்டையிட்டு நாளாகிவிட்டது. புழுவைக் கண்ட இடத்தில் விளக்கு போடுவதுதான் புதிதாக வருபவர்கள் பொதுவாகச் செய்கிற வேலை. ஓர் இரவு அதற்காக வீணாகலாம்.

வெள்ளி – நிலம்பூர்

கூடலூர் சாலையில் நகருக்கு முன்பே வெளியந்தோடு. கேரள வன ஆராய்ச்சி நிறுவனத்தின் தேக்கு அருங்காட்சியகம் 1995 முதல் இங்கே இருக்கிறது. அருவாக்கோடு பக்கம் சாலியாற்றின் மறுகரையில் கனோலித் தோட்டம்: மலபார் கலெக்டர் கனோலியின் காலத்தில், சாத்து மேனன் பொறுப்பில் 1840-களில் தொடங்கிய நடவில் மிஞ்சியது. இப்போது காப்பாற்றி வைத்திருப்பது 2.31 ஹெக்டேர். மழைக்காலத்தில் ஆற்றைக் கடக்க ஏற்பாடு இருக்கிறதா என்று முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு போக வேண்டும். பூச்சி பார்க்க இது சரியான இடமல்ல. இலைகள் எட்டாத உயரத்தில் இருக்கின்றன, இருநோக்கி வைத்தும் மடிப்பைப் பிரித்தறிய முடியாது.

ஆனால் பூச்சியின் கதைக்கு இந்த ஊர் மையம். கேரளத்தில் இதன் பெருக்கத்தை முதலில் பதிவு செய்தவர் திருவிதாங்கூர் வனத்துறையின் போர்டிலன், 1898-இல், கோன்னியில். அதற்குப் பிறகும் நெடுங்காலம், "மரம் சாகவில்லையே, மறுபடி தழைக்கிறதே" என்றுதான் இதைத் தள்ளிவைத்திருந்தார்கள். கேரள வன ஆராய்ச்சி நிறுவனத்தின் பூச்சியியலாளர் கே.எஸ்.எஸ். நாயரும் உடன் பணியாற்றியவர்களும் நிலம்பூரில் இளந்தோட்டங்களில் சில மரங்களைப் புழு தின்னவிடாமல் காத்து, காக்காத மரங்களோடு ஒப்பிட்டு அளந்தார்கள். 1985-இல் வெளியான முடிவின்படி, வளர வேண்டிய மரப்பருமனில் 44 சதவீதம் புழுவால் இழப்பு. ஏறக்குறைய பாதி வளர்ச்சி! மரம் நிற்பதைப் பார்த்து நஷ்டமில்லை என்று சொன்னது எவ்வளவு பெரிய தவறு என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

இழப்பு இரண்டு வழியில் வருகிறது. துளிரும் காலத்தில் இலை போவதால், சேமித்து வைத்த மாவுச்சத்தைச் செலவழித்து மரம் மறுபடி இலை விடுகிறது; அந்தப் புது இலைக்கும் அடுத்த அலை வந்தால் மறுபடி செலவு. இரண்டாவது, இளங்கன்றுகளில் தலைக்குருத்து கருகிப் பக்கமொட்டுகள் இரண்டாகக் கிளம்பிவிடும். பத்தடி உயரத்தில் கவட்டை விழுந்த தேக்குக்கு மரக்கடையில் என்ன விலை கிடைக்கும் என்பது நட்டவர்களுக்குத் தெரியும்.

பெருக்கம் எப்படித் தொடங்குகிறது என்பதையும் இங்கேதான் கண்டுபிடித்தார்கள். முதல் கோடை மழையை ஒட்டி, பெருந்தோட்டப் பரப்பில் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஒரு ஹெக்டேர் அளவுள்ள சின்னத் திட்டுகளில் மட்டும் புழு தோன்றும். அவற்றிலிருந்து எழும் பூச்சிகள் இடம்பெயர்ந்து, அடுத்த தலைமுறை பல ஹெக்டேரில் பரவும். பெருமழை தொடங்கிச் சில வாரத்தில் அலை ஓய்ந்துவிடும். ஆண்டின் மீதி நாளில் பூச்சி அழிந்துபோவதில்லை. மிகக் குறைந்த எண்ணிக்கையில் காட்டுத் தேக்கின் இளந்துளிர்களிலும், நொச்சி போன்ற வேறு செடிகளிலும் தலைமுறை தலைமுறையாகத் தொடர்கிறது. கடற்கரைப் பக்கம் வெண்கண்டல் இலையையும் இதே புழு தின்னும்.

இங்கே ஒரு திட்டில் நோயுற்ற புழுக்கள் கிடைத்தன. அடையாளம்: தின்பதை நிறுத்தி, நிறம் வெளிறி, மடிப்புக்கு வெளியே சோர்ந்து கிடக்கும். குச்சியால் தொட்டால் தோல் கிழிந்து உடம்பே நீராக ஒழுகும். இது ஒரு வகை நியூக்ளியர் பாலிஹெட்ரோசிஸ் வைரஸ். 1988-இல் நிலம்பூரிலேயே இனங்காணப்பட்டது. இந்தப் புழுவைக் குறிபார்த்துத் தாக்கும், பறவைக்கோ மனிதருக்கோ தீங்கில்லை. உள்ளே போன மூன்று நான்கு நாளில் புழு செத்துவிடும். இதைத் தெளிப்பு மருந்தாக ஆராய்ச்சி நிறுவனத்தார் உருவாக்கினார்கள். சங்கடம் இரண்டு: வெயிலின் புற ஊதாக் கதிர் வைரஸைச் செயலிழக்க வைக்கும், எனவே மாலையில் தெளிக்க வேண்டும். மூன்றாம் நிலைக்குள் உள்ள புழுவுக்குக் கொடுத்தால்தான் இலை மிஞ்சும். ஐந்தாம் நிலைக்குக் கொடுத்தால் தின்ன வேண்டியதைத் தின்றுவிட்டுத்தான் சாகும். ஆக மருந்தைவிடக் கண்காணிப்பே முக்கியம். மார்ச், ஏப்ரலில் அந்தச் சின்னத் திட்டுகளைத் தேடிப் பிடிப்பவர் கையில்தான் தீர்வு இருக்கிறது, ஜூனில் பம்பு தூக்குபவர் கையில் இல்லை.

சனி – கருளாய், நெடுங்கயம் சாலை

நேற்றுப் பிற்பகல் இடிமழை. தோட்ட ஓரத்து மரங்களில் புதுத்துளிர் செம்பழுப்பாக, மெத்தென்று, மெல்லிய ரோமத்தோடு இருக்கிறது. இப்படிப்பட்ட இலையில்தான் முட்டை. முதல் நிலைப் புழுவின் வாய்க்கு முற்றிய இலை கடிபடாது, அதனால் தாய்ப்பூச்சி கொழுந்தைத் தேர்ந்துதான் இடும்.

தேடும் முறை: கைக்கெட்டும் கிளையில் நுனியிலிருந்து மூன்று ஜோடி இலைகளை மட்டும் பாருங்கள். இலையைப் பறிக்காமல் அடிப்பக்கம் திருப்பி, 10 மடங்கு பெருக்கும் கைலென்ஸால் நரம்போரமாக நகர வேண்டும். முட்டை வெள்ளை, தட்டையான நீள்வட்டம், 1 மி.மீ. அளவு, குவியலாக இராது, ஒவ்வொன்றாகத் தள்ளித்தள்ளி ஒட்டியிருக்கும். தேக்கிலையின் ரோமத்தில் அது தூசி போலத் தெரிவதால் வெயிலுக்குச் சாய்த்துப் பிடித்தால் பளபளப்பு காட்டிக்கொடுக்கும். ஒரு பெண் பூச்சி சராசரியாக 500 முட்டை வரை இடும். விரல் சிவந்தால் பதற வேண்டாம், கசங்கிய தேக்குத் துளிரின் சாயம் அது. லென்ஸிலும் கேமராவிலும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பலத்த மழை, பொரித்து வந்த புதுப்புழுக்களை அடித்துக்கொண்டு போய்விடும், அதனால் முட்டை கண்ட மரமெல்லாம் மொட்டையாகும் என்று கணக்குப் போட முடியாது.

முட்டை கிடைத்தால் அந்த இரவு அதே சுற்றுவட்டாரத்தில் திரை கட்ட வேண்டும். தாய்ப்பூச்சிகள் இன்னும் அங்கேதான் இருக்கும். பகலிலேயே தரைச் செடிகளைக் குச்சியால் லேசாகத் தட்டிக்கொண்டு நடந்தால் சின்னப் பழுப்புப் பூச்சிகள் எழும்பிச் சில அடி தள்ளி உட்காருவதைப் பார்க்கலாம்.

கருளாயில் ஒரு வீட்டு முற்றத்தில், தெருவிளக்குக்கு மறைவாக, நிலவில்லா இரவில் திரை. பொழுது மறைந்ததும் வரத் தொடங்கின. சிறகு விரிப்பு 3 முதல் 4 செ.மீ. உட்கார்ந்தால் கூரை போலச் சாய்த்து மூடிய முன்சிறகு மட்டுமே தெரியும்: சாம்பல் கலந்த பழுப்பு, சிலவற்றில் செம்மை, சிலவற்றில் திட்டுகள். ஒன்றைப் போல ஒன்று இராது. முகத்துக்கு முன்னால் உதட்டு உணர்கொம்புகள் அலகு போல நீண்டிருப்பது நம்பகமான அடையாளம். பின்சிறகுதான் அழகு: கறுப்பில் ஆரஞ்சு மஞ்சள் பட்டை. அதை மூடியே வைத்திருப்பதால் படம் எடுக்கப் பொறுமை வேண்டும். பறக்குமுன் சிறகைச் சில நொடி நடுங்கவைத்துச் சூடேற்றிக்கொள்ளும்; அப்போது பின்சிறகு எட்டிப்பார்க்கும். 1/500 வேகம், பக்கவாட்டில் மங்கலான ஃப்ளாஷ், பூச்சியின் மட்டத்துக்குக் கேமராவை இறக்கி எடுங்கள். சிறகைப் பிடித்து விரிக்காதீர்கள், செதில் உதிர்ந்தால் அடையாளமும் போய்விடும். ஆரஞ்சுப் பின்சிறகு உள்ள பெரிய அந்து ஒன்றும் திரைக்கு வரலாம். அது பழச்சாறு உறிஞ்சும் யூடோசிமா, அளவில் இரண்டு மடங்குக்கு மேல்.

ஞாயிறு – சுங்கத்தறை

இந்தச் சாலையில் தேக்கு வைக்காத வீட்டு வளாகம் அரிது. கூடலூரிலிருந்து இங்கே வந்து நிலம் வாங்கிய தமிழ்க் குடும்பங்களும் வேலி ஓரம் வரிசையாக நட்டிருக்கிறார்கள். எல்லாரும் கேட்பது ஒன்றே: "சருகைக் கூட்டித் தீ வச்சா அடுத்த தடவை வராதுல்ல?"

வரும். உங்கள் சருகில் இருந்து எழும் பூச்சி உங்கள் மரத்துக்குத் திரும்புவதில்லை. இலையில்லாத மரத்தில் அதற்கு முட்டையிட இடமில்லை. அடுத்த முறை உங்கள் துளிருக்கு வருவது வேறெங்கோ பிறந்த கூட்டம். தீ வைத்தால் மண்ணின் ஈரமும் ஒட்டுண்ணிக் குளவிகளும் போவதுதான் மிச்சம். வளர்ந்த மரத்துக்குப் பூச்சிமருந்து அடிப்பதும் வீண்: 15 மீட்டர் உயர மரத்தின் நுனிக்குக் கைத்தெளிப்பான் எட்டாது, எட்டியதும் காற்றில் கிணற்றுக்குப் போகும். நவம்பர் வாக்கில் முற்றிய இலை சல்லடையாகி நரம்பு வலை மட்டும் தெரிந்தால் அது இந்தப் பூச்சி அல்ல. மஞ்சள் சிறகில் சிவப்பு நெளிகோடு உள்ள யூடெக்டோனா மசிராலிஸ். உதிரப்போகும் இலையைத் தின்பதால் அதற்காகச் செலவு செய்ய வேண்டியதில்லை.

கையால் செய்து பயன் கிடைக்கும் ஓரிடம் உண்டு: ஆளுயரம் தாண்டாத கன்றுகள். கோடை மழை விழுந்த பத்தாம் நாளிலிருந்து ஒருநாள் விட்டு ஒருநாள் தலைக்குருத்தையும் மேல் இரண்டு ஜோடி இலையையும் பார்த்து, மடிப்பு இருந்தால் விரலால் நசுக்கிவிட வேண்டும். ஒரு கன்றுக்கு அரை நிமிடம்கூட ஆகாது. தப்பவிட்டுத் தலைக்குருத்து கருகிவிட்டால், பக்கத்தில் இரண்டு கிளைகள் விரல் நீளம் வளரும்வரை காத்திருந்து, நேராக நிற்பதை வைத்துக்கொண்டு மற்றதைக் கூரிய கத்தியால் அடியோடு ஒட்டி அறுத்துவிடுங்கள். தண்டு தடித்த பிறகு அறுத்தால் தழும்பு மரத்துக்குள் முடிச்சாக நின்றுவிடும்.